உங்களுக்குத் தெரியுமா? பாறசாலைப் பெண்ணின் குரல் நவராத்திரி மண்டபத்தில்

நவராத்திரிக்காக பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும் சரஸ்வதி, களியக்காவிளை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத்தான் செல்கிறாள். கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் அவள் முன்னிலையில் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் கிருதிகள் ஒலிக்கும். கலைமகளின் சந்நிதிதான். ஆனாலும் அங்கே கச்சேரி செய்யப் பெண்களுக்கு நெடுங்காலம் இடமில்லாமல் இருந்தது.

2006இல் அந்தத் தடை உடைந்தது. மேடையேறியவர் பாறசாலை பி. பொன்னம்மாள்; வயது 81! அரச குடும்பத்தைச் சேர்ந்த இசைக்கலைஞர் ராமவர்மா முன்னின்று அதற்கு வழிசெய்தார்.

1924இல் பாறசாலையில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த பொன்னம்மாள், திருவனந்தபுரத்தில் புதிதாகத் தொடங்கிய சுவாதித் திருநாள் இசைப் பள்ளியின் முதல் மாணவி. பின்னாளில் அங்கேயே ஆசிரியை; திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரிக்கு முதல் பெண் முதல்வர். கற்பிப்பதிலேயே பெரும்பகுதி வாழ்நாள் கழிந்ததால், பரவலான புகழ் எண்பதைக் கடந்த பிறகே வந்தது. 2017இல் பத்மஸ்ரீ. 2021இல், 96 வயதில் மறைந்தார்.

அவருடைய ஒலிப்பதிவுகளில் குருவாயூர் புரேச சுப்ரபாதமும் நவராத்திரி கிருதிகளும் முக்கியமானவை. முதுமையிலும் சுருதி விலகாத குரல். அவசரமே இல்லாத விளம்ப காலம். வேகத்தைத் திறமையென்று எண்ணும் இளம் பாடகர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

பக்கத்து நெய்யாற்றின்கரை தந்த பாடகர் வாசுதேவனும் பத்மஸ்ரீ பெற்றவரே. ‘சுவாதித் திருநாள்’ (1987) திரைப்படத்தில் அவர் குரலைக் கேட்கலாம்.