இறங்கும்போதும் உழைக்கும் தொடை

மின்தூக்கி பழுதானால், படியேற வேண்டுமே என்றுதான் முதியவர்கள் கவலைப்படுவர். ஆனால், படிகளில் தடுமாறி விழுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான்.

இதன் காரணத்தை நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைக் கொண்டே அறியலாம். எழும்போது முழங்காலும் இடுப்பு மூட்டும் நிமிர்கின்றன. முழங்காலை நீட்டுவது முன்தொடைத் தசை. இடுப்பை நிமிர்த்துவதில் பெரும்பங்கு பிட்டத் தசைக்கு உண்டு.

உட்காரும்போது அதே மூட்டுகள் மடங்குகின்றன. எனவே, அது பின்தொடைத் தசையின் வேலை என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. உடலைக் கீழே இழுப்பது புவியீர்ப்பு விசை. பொத்தென்று விழாமல் தாங்கிப் பிடிப்பவை முன்தொடையும் பிட்டமுமே. எழும்போது சுருங்கி உழைத்த தசைகள், இப்போது நீண்டுகொண்டே உழைக்கின்றன. படியிறங்கும்போது மேல்படியில் ஊன்றிய காலின் முன்தொடையும் இதையே செய்கிறது. அது தளர்ந்திருந்தால் கால் தடுமாறும்.

ஆகவே, மூட்டு எப்பக்கம் அசைகிறது என்பதோடு, எந்த விசையை எதிர்த்து அசைகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். நகராத, உறுதியான நாற்காலியில் 5 எண்ணும்வரை மெதுவாக அமர்ந்து பழகலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நல்லது. தொப்பென்று அமர்பவர் பயிற்சியில் பாதியை இழக்கிறார்.