டிசைன் படித்த பிள்ளைகளும் வேலைக் கோவையும்

சென்ற மாதம் ஒரு நாள் அஸருக்குப் பின்னர், ஹெவ்லொக் வீதியிலுள்ள எமது கடைக்கு ஒரு தம்பி வந்தார். இருபத்தியிரண்டு வயதிருக்கும். "நானா, லேபல், பேக், பேனர் எல்லாம் டிசைன் பண்ணுவேன். உங்களிட வேலை ஒண்டு இருக்கா?" என்று கேட்டார். கையில் ஒரு பெரிய ஃபைல். வாங்கித் திறந்து பார்த்தேன். ஏழு சான்றிதழ்கள், ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில். சாதாரண தரப் பெறுபேறு, உயர்தரப் பெறுபேறு, ஆறு மாத கிரபிக் டிசைன் பாடநெறி, ஃபோட்டோஷொப், கொரல் ட்ரோ என்று வரிசையாக இருந்தன. டிசைன் மட்டும் ஒன்றுகூட இல்லை.

"செய்த வேலை ஏதும் இருக்கா மகன்?" என்றேன். ஃபோனை எடுத்துத் தள்ளித் தள்ளிக் காட்டினார். நடுவில் மச்சானின் கலியாணப் படம், கிரிக்கெட் படம், பிறகு ஒரு லோகோ, மீண்டும் யாரோ ஒருவரின் குழந்தை. ஐந்து நிமிடத்தில் நான் பார்த்தது நான்கு டிசைன். அவற்றில் ஒன்று நன்றாகவே இருந்தது. ஆனால் அது யாருக்காகச் செய்தது, ஏன் அப்படிச் செய்தது என்று கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை.

இந்தத் தம்பியை நான் குறை சொல்ல வரவில்லை. எமது வீடுகளிலிருந்து இன்று பல பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், இந்தத் துறையைப் படிக்கிறார்கள். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தொழில் என்று வாப்பாமார்களும் பணம் கட்டிப் படிப்பிக்கிறார்கள். படித்து முடித்த பின்னர் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. எனவே டிசைன் வேலை கொடுக்கும் ஒரு வியாபாரி என்ற வகையில், மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பவனுக்கு என்ன தேவை என்பதை இவ்வாரம் எழுதுகிறேன். நான் படித்தது ஓ.எல். வரைதான். டிசைன் செய்யத் தெரியாது. ஆனால் அதற்காகப் பணம் கொடுத்தும் இழந்தும் பழக்கம் உண்டு.

இழந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டு எமது மஞ்சள் தூளுக்கும் மிளகாய்த் தூளுக்கும் 5000 ஸ்டிக்கர் லேபல் அடித்தோம். டிசைன் செய்தவர் நல்ல சான்றிதழ்கள் வைத்திருந்தார். ஒப்புதலுக்காக அவர் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அழகாக இருந்தது. "சரி, அடியுங்கோ" என்றேன். வந்த லேபலில் சிங்களம் சரி, ஆங்கிலம் சரி. தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக்களும் கால் புள்ளி, அரைப் புள்ளிகளும் கிறுக்கிக் கிடந்தன.

நடந்தது இதுதான். எமது நாட்டு அச்சகங்களில் நீண்ட காலமாகப் புழங்கும் பாமினி எழுத்துரு, உள்ளுக்குள் ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் ஓர் ஏற்பாடு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஃபைலைத் திறந்தால் தமிழ் மறைந்து ஆங்கில எழுத்து வெளியே வந்துவிடும். டிசைன் செய்தவரின் கணினியில் பாமினி இருந்தது, அச்சகத்தின் கணினியில் இருக்கவில்லை. அச்சகத்தில் வேலை செய்தவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஃபைலைக் கொடுக்க முன்னர் எழுத்துக்களை 'கேர்வ்' ஆக மாற்றியிருந்தால், அதாவது எழுத்தாக இல்லாமல் கோட்டு வடிவமாக ஆக்கியிருந்தால், இந்த நட்டம் இல்லை. மாற்றுவதற்கு ஒரு நிமிடம் கூட எடுக்காது.

அன்றிலிருந்து நான் சான்றிதழைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன். அச்சடித்து வெளியே வந்த சாமானைக் காட்டச் சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் போர்ட்ஃபோலியோ என்று சொல்வது இதைத்தான். தமிழில் வேலைக் கோவை என்று வைத்துக்கொள்வோம். எமக்கு இது புதிய விடயம் அல்ல. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ கலியாணக் கார்ட் அடிக்கப் போனால் முதலில் எடுத்துப் போடுவது ஆல்பத்தை. துணி வியாபாரி சேம்பிள் புத்தகத்தை விரிப்பார். தச்சுத் தொழிலாளி, தான் செய்த கதவு எந்த வீட்டில் இருக்கிறது என்று சொல்லுவார். டிசைன் படித்த பிள்ளை மட்டும் ஏன் வெறும் கடதாசியோடு வர வேண்டும்?

கோவையில் எத்தனை வேலை இருக்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். எட்டுப் பத்து போதும். நாற்பது வைத்தால் பார்ப்பவர் பத்தோடு களைத்துவிடுவார். அதிலும் மோசமான இரண்டு இருந்தால் அந்த இரண்டுதான் நினைவில் நிற்கும். மிக நல்லதை முதலில் வையுங்கள், அடுத்த நல்லதைக் கடைசியில் வையுங்கள். புறக்கோட்டையில் பழம் அடுக்கத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

முக்கியமான விடயம், ஒவ்வொரு வேலைக்குப் பக்கத்திலும் எழுத வேண்டிய நான்கு வரி. வாடிக்கையாளர் என்ன கேட்டார், அதில் இருந்த சிக்கல் என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், முடிவில் என்ன ஆனது. உதாரணமாக: "பேக்கரி ஒன்றுக்குக் கடதாசிப் பை. ஒரே நிறத்தில் அடித்தால்தான் விலை கட்டுப்படியாகும் என்றார்கள். ஆகவே ஒரு நிறத்தில் எழுத்தை மட்டும் வைத்துச் செய்தேன். இரண்டாம் முறையும் அதையே அடித்தார்கள்." இதை வாசிக்கும் வியாபாரிக்கு, இந்தப் பிள்ளைக்கு எனது செலவு விளங்குகிறது என்று தெரிந்துவிடும். நாங்கள் கூலி கொடுப்பது அந்த விளக்கத்துக்குத்தான். அழகு எங்கேயும் மலிவாகக் கிடைக்கும். இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நிமிடத்தில் பத்து லோகோ தருகிறது.

காரணத்தோடு வரும் வேலைக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு எமது மொழிக்காரர் ஒருவரையே சொல்லலாம். இந்திய ரூபாவுக்கு ஒரு குறியீடு வேண்டும் என்று இந்திய அரசு போட்டி வைத்தபோது 3000க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. 2010ஆம் ஆண்டு ஜூலையில் தெரிவானது தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமாரின் வடிவம். ஹிந்தியின் 'ர' எழுத்தையும் ஆங்கிலத்தின் 'ஆர்' எழுத்தையும் ஒன்றாக்கி, மேலே கோடு போட்டிருந்தார். ஒவ்வொரு கோட்டுக்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. பம்பாய் ஐ.ஐ.டி.யில் தமிழ் எழுத்து வடிவங்களை ஆராய்ந்தவர் அவர். இன்று அந்தக் குறியீடு இல்லாத விலைச்சீட்டு இந்தியாவில் குறைவு.

இன்னொருவர் அமெரிக்காவின் சூசன் கேர். 1982இல் அவர் சிற்ப வேலை செய்துகொண்டிருந்தார். கணினி அனுபவம் கிடையாது. பாடசாலைக் கால நண்பர் ஒருவர் அப்பிள் கம்பனியில் இருந்தார். புதிதாக வரவிருந்த மெக்கின்டொஷ் கணினிக்குச் சிறு சிறு படங்கள் வரைய ஆள் தேவை என்று அவர் அழைத்தார். அந்தத் திரையில் ஒவ்வொரு படமும் சிறு சதுரங்களால் ஆனது. கேர் என்ன செய்தார்? சிறு கட்டம் போட்ட கொப்பி ஒன்றை வாங்கி, கட்டங்களைப் பென்சிலால் நிரப்பிப் படங்கள் வரைந்தார். நூலகத்திலிருந்து எழுத்து வடிவங்கள் பற்றிய புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு நேர்முகப் பரீட்சைக்குப் போனார். வேலை கிடைத்தது. 1984இல் அந்தக் கணினி சந்தைக்கு வந்தபோது அதில் சிரித்த முகத்தோடு தோன்றிய சின்னக் கணினிப் படம் அவர் வரைந்தது. அவருடைய அந்தக் காலக் கொப்பி வரைபடங்கள் பின்னர் நியூயோர்க் நவீன கலை நூதனசாலைக்குப் போயின. அவர் கொண்டு போனது பழைய பெருமைகளை அல்ல, அந்த வேலைக்கு வேண்டிய மாதிரியை. அதையும் கணினி இல்லாமலே செய்தார் என்பதைக் கணினி வாங்கித் தந்தால்தான் தொடங்குவேன் என்று வாப்பாவோடு சண்டை பிடிக்கும் பிள்ளைகள் கவனிக்கவும்.

ஆகவே பென்சில் வரைபுகளை வீசாதீர்கள். முடிந்த வேலைக்குப் பக்கத்தில் முதல் கிறுக்கலையும் வையுங்கள். இது உங்கள் சொந்தக் கையால் வந்தது என்பதற்கு இந்நாட்களில் அதைவிட நல்ல சாட்சி இல்லை.

"எனக்கு இன்னும் வாடிக்கையாளரே இல்லையே, எதைக் காட்டுவது?" என்று ஒரு பிள்ளை கேட்கலாம். வெள்ளவத்தையில் காலி வீதியில் இறங்கி நடந்து பாருங்கள். டியூஷன் நோட்டீஸ், சலூன் போர்ட், சாப்பாட்டுக் கடை மெனு, மருந்துக் கடை உறை. எத்தனை வாசிக்க முடியாமல் இருக்கின்றன! மூன்றைத் தெரிவு செய்து உங்கள் முறையில் திருத்திச் செய்யுங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வையுங்கள். ஆனால் "இது பயிற்சிக்காக நானே செய்தது" என்று தெளிவாக எழுத வேண்டும். அந்தக் கடைக்காரர் உங்களிடம் வேலை தந்ததாகக் காட்டினால் அது பொய். கொழும்பு சிறிய ஊர், ஒரு ஃபோன் அழைப்பில் வெளுத்துவிடும். கூட்டாகச் செய்த வேலையிலும் உங்கள் பங்கு எது என்று எழுதுங்கள். கற்பனைப் பொருளுக்கு லேபல் செய்யும்போது எஸ்.எல்.எஸ். முத்திரையையோ ஹலால் முத்திரையையோ அழகுக்காகப் போடாதீர்கள். அனுமதி பெற்ற பொருளுக்கு மட்டுமே உரியவை அவை. இது தெரியாத டிசைனரை உணவு வியாபாரி வேலைக்கு எடுக்க மாட்டார்.

எமது பிள்ளைகளிடம் உள்ள ஒரு பெரிய பலத்தை அவர்களே அறியாமல் இருக்கிறார்கள். தமிழும் சிங்களமும் வாசிக்கத் தெரிந்தவர்கள் அவர்களில் பலர், ஓரளவு ஆங்கிலமும் உண்டு. இந்த நாட்டில் சாமான் விற்பவனுக்கு மூன்று மொழியும் வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளம் கூடியவை. சிங்கள எழுத்துக்குக் கீழேயும் மேலேயும் இடம் வேண்டும். ஆங்கிலத்தை முதலில் பெரிதாகப் போட்டுவிட்டு, மிஞ்சிய மூலையில் தமிழை நசுக்கும் டிசைன்களைத் தினமும் பார்க்கிறோம். மூன்றையும் சமமாக, வாசிக்கக்கூடியதாக அமைத்த ஒரு லேபல் உங்கள் கோவையின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். பழைய பாமினியோடு நின்றுவிடாமல் யூனிகோட் எழுத்துருக்களையும் பழகுங்கள். சிங்களத்தில் அச்சகங்கள் நெடுநாள் பாவித்த அபய எழுத்துரு 'அபய லிப்ரே' என்ற பெயரில் யூனிகோடில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைச் செய்தது கொழும்பைச் சேர்ந்த மூனியாக் குழு.

அச்சு அறிவையும் காட்ட வேண்டும். திரை ஒளியில் தெரியும் பளிச்சென்ற பச்சை, நான்கு மை கலந்து அடிக்கும் கடதாசியில் அப்படியே வராது. வெட்டும்போது வெள்ளை விளிம்பு தெரியாமலிருக்க ஓரத்தில் 3 மில்லிமீற்றர் கூடுதலாக விட வேண்டும். இவையெல்லாம் தெரியும் என்று எழுதுவதை விட, அச்சடித்த பையையும் லேபலையும் கையில் கொடுங்கள். தொட்டுப் பார்த்தால் எமக்கு விளங்கும். அனுப்புவதற்கு ஒரு பி.டி.எஃப்., வாட்ஸ்அப்பில் திறக்கக்கூடிய அளவில். பிஹான்ஸ் போன்ற இணையத்தளத்திலும் இலவசமாக வைக்கலாம். நேரில் போகும்போது அச்சுக் கோவை. ஃபோனைத் தள்ளிக் காட்டுவது வேண்டாம்.

இனி வியாபாரிகளுக்கு. இந்தப் பிள்ளைகளின் கோவை வெறுமையாக இருப்பதில் எமக்கும் பங்கு உண்டு. வேலையைச் செய்து வாங்கிவிட்டு, "இதை எங்கேயும் காட்டக் கூடாது" என்று சொல்லும் முதலாளிமார் இருக்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வேறு உடன்படிக்கை இல்லாவிட்டால், ஊழியர் வேலையின்போது செய்த படைப்பின் பொருளாதார உரிமை முதலாளிக்கு. கூலி பேசிச் செய்வித்தால் செய்வித்தவருக்கு. ஆனால் செய்தவர் இன்னார் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை செய்தவரிடமே இருக்கிறது. ஆகவே வரைந்தவரும் எல்லாம் தனது என்று நினைக்கக் கூடாது, பணம் கொடுத்தவரும் ஆளின் பெயரை அழிக்கக் கூடாது. பொருள் சந்தைக்கு வரும் வரை காட்ட வேண்டாம் என்று கேட்பது நியாயம். வந்த பிறகும் மறைப்பதில் எமக்கு என்ன இலாபம்?

அதைவிட மோசமான பழக்கம் ஒன்று. மூன்று பேரை அழைத்து, "சும்மா ஒரு சேம்பிள் செய்து கொண்டு வாங்கோ, பார்ப்பம்" என்று சொல்லி, மூன்று லோகோவும் வந்த பின்னர் ஒருவருக்கும் வேலை கொடுக்காமல், நல்லதை வேறொருவரிடம் கொடுத்துத் திருத்தி எடுப்பது. எமது வட்டாரத்திலேயே நடந்திருக்கிறது. ஆளைச் சோதிக்க வேண்டுமானால் சிறிய வேலை ஒன்றைக் கொடுத்து, அதற்குரிய கூலியையும் கொடுங்கள்.

வேலை முடிந்தால் கடைத் தலைப்புக் கடதாசியில் மூன்று வரி எழுதிக் கொடுங்கள்: இன்ன லேபலை இவர் எமக்குச் செய்து தந்தார், வேலை தேடும்போது காட்டுவதற்கு அனுமதிக்கிறோம், திகதியும் கையொப்பமும். பத்துப் பிரதியும் கொடுத்துவிடுங்கள். எமக்குச் செலவு ஒன்றுமில்லை.

அந்தத் தம்பியைச் சான்றிதழ்களோடு திருப்பி அனுப்பவில்லை. எமது கறித்தூள் லேபலை மூன்று மொழியிலும் திருத்திச் செய்யச் சொல்லி, முற்பணமும் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் ஐந்து பென்சில் வரைபோடு வந்தார். களஞ்சியத்தில் 2016இன் பழுதான லேபல் கட்டொன்று இன்னும் கிடக்கிறது. அதைக் கண்டவர், "நானா, இதில ஒண்டு தாங்கோ. முதல்ல எப்படி இருந்த எண்டு காட்டலாம்" என்றார். நான் நட்டக் கணக்கில் எழுதிய சாமான் அது. இரண்டாக எடுத்துப் போகச் சொன்னேன்.