கூடைப்பந்தாட்டம்: உலகிலும் மட்டக்களப்பிலும்

மாணவர்களே, கூடைப்பந்தாட்டம் அமெரிக்காவில் தோன்றியது என ஒரே வரியில் விடை எழுதி முடித்துவிடுகின்றீர்கள். அதன் வரலாற்றையும் சற்று அறிந்துகொள்ளுங்கள்.

1891ஆம் ஆண்டு, குளிர்காலத்தில் மாணவர்கள் மண்டபத்தினுள் விளையாடுவதற்காக ஸ்பிரிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இவ்விளையாட்டை உருவாக்கினார். பீச் பழக்கூடைகளே அன்று பந்து விழும் கூடைகள். 1936 இல் பேர்லின் ஒலிம்பிக்கில் இது இடம்பெற்றது. 1958 இல் ஐரோப்பிய நாடுகளின் கழகங்களுக்கிடையே நடைபெற்ற முதலாவது கிண்ணப் போட்டியில், அன்று சோவியத் ஒன்றியத்திலிருந்த ரீகா நகரக் கழகம் சம்பியனானது.

மட்டக்களப்பில் இதனை வளர்த்தவர்கள் அமெரிக்க இயேசு சபைத் துறவிகள். அவர்களுள் ஹேபியர் அடிகளார் 1948 இல் இலங்கைக்கு வந்தார். புனித மிக்கேல் கல்லூரி அணியைப் பயிற்றுவித்து, நாடறியச் செய்தார். 1990 ஆகஸ்ட் 15 இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட அவர் வந்து சேரவேயில்லை. அவர் வளர்த்த ஆட்டம் இன்றும் இங்கு நிலைத்திருக்கின்றது. விளையாட்டை உருவாக்கியவரும் ஆசிரியர். நம்மூரில் வளர்த்தவரும் ஆசிரியர்.

நினைவிற் கொள்க: கூடைப்பந்தாட்டத்தில் ஓர் அணிக்குக் களத்தில் 5 பேர், வலைப்பந்தாட்டத்தில் 7 பேர். மாற்றி எழுதிப் புள்ளியை இழக்காதீர்கள்.