‘உத்’ என்றதும் உத்திரமேரூர்

உத்திரமேரூர் ஒன்றியத்தில் 73 ஊராட்சிகள். காஞ்சிபுரம் மாவட்டம் முழுவதும் சேர்த்தால் 274. “உங்கள் ஊராட்சி எது?” என்று வாட்ஸ்அப்பில் ஒரு சாட்பாட் கேட்டால், அதன் பட்டியலில் 10 வரிகளுக்கு மேல் காட்ட முடியாது. பொத்தான்களாகக் கொடுத்தால் மூன்றுதான். மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் சாட்பாட் அனுப்பும் அட்டைகளில் இதற்கு வழி இருக்கிறது. அட்டைக்குள்ளேயே ஒரு தேடல் கட்டம். இரண்டு எழுத்து தட்டியதும் பொருத்தமான பெயர்கள் கீழே வந்து நிற்கும்.

இது இரண்டு விதமாக நடக்கிறது. பட்டியல் சிறியதென்றால் 73 பெயர்களும் அட்டையோடு சேர்ந்தே வந்துவிடும். சலித்தெடுக்கும் வேலை முழுவதும் உங்கள் கைப்பேசிக்குள் முடிந்துவிடும். பெரியதென்றால், நீங்கள் தட்டிய எழுத்துகள் சாட்பாட்டுக்குப் போய், விடை திரும்பி வரும். அங்கே லட்சம் பெயர்கள் இருந்தாலும் தாமதம் தெரியாமல் தேட உதவுவது, பெயர்களை அடுக்கும் ஒரு முறை. ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்கள் ஒரு கிளை. இரண்டாம் எழுத்தும் ஒன்றானால் அதற்குள் ஓர் உட்கிளை. அகராதியில் ‘உ’ பகுதியைத் திருப்பியதும் மற்ற பக்கங்களை மறந்துவிடுகிறோம் அல்லவா, அதே வித்தைதான். தேட எத்தனை படி என்பதைத் தட்டிய எழுத்துகள் தீர்மானிக்கும். மொத்தப் பெயர்கள் அல்ல. 1959இல் ரெனே டி லா பிரியான்டே விவரித்த இந்த அமைப்புக்கு, அடுத்த ஆண்டு எட்வர்ட் ஃபிரெட்கின் ‘டிரை’ என்று பெயர் வைத்தார்.

சிக்னல் தள்ளாடும் கிராமத்தில் வேறொரு தொல்லை உண்டு. ‘உ’வுக்கான விடை, ‘உத்தி’க்கான விடைக்குப் பின்னால் வந்து சேரலாம். பழைய விடை புதியதை அழித்துவிடும். அதனால் நல்ல நிரல், விரல் சற்று ஓயும் வரை காத்திருந்து கேள்வியை அனுப்பும்; பிந்தி வந்த பழைய விடையைத் தூக்கி எறியும்.

தமிழில் இன்னும் சுவாரசியம். ‘உத்திரமேரூர்’ நம் கண்ணுக்கு 7 எழுத்து. கணினியின் யூனிகோட் கணக்கில் 12 குறிகள். ‘த்’ என்பது அங்கே ‘த’வும் புள்ளியும், ‘தி’ என்பது ‘த’வும் கொக்கியும். ஆகவே ‘உத’ என்று தட்டினாலே உதகமண்டலமும் உத்திரமேரூரும் சேர்ந்து வரும். சோழிங்கநல்லூரின் ‘சோ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரித்து வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். தேடுமுன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவராவிட்டால், பட்டியலில் இருக்கும் ஊரையே “இல்லை” என்று சாட்பாட் சாதிக்கும்.

எழுத்துக்கூட்டலும் ஒன்றல்ல. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில், குடவோலை முறையைச் சொல்லும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, ஊரை ‘உத்தரமேரு’ என்றே குறிக்கிறது. இன்றும் சிலர் ‘உத்தரமேரூர்’ என்று எழுதுகிறார்கள். ‘உத்தர’ என்று தட்டினால், முன்னெழுத்தை மட்டும் ஒப்பிடும் தேடல் கைவிரித்துவிடும். இத்தனைக்கும் ‘உத்தரமேரூர்’, ‘உத்திரமேரூர்’ என்ற இரண்டு வடிவுக்கும் இடையே ஒரே ஒரு கொக்கிதான் வித்தியாசம். இப்படி எத்தனை குறிகளைக் கூட்டினால், கழித்தால், மாற்றினால் ஒரு சொல் மற்றொன்றாகும் என்று அளக்கும் முறையை 1965இல் ரஷ்யக் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் தந்தார். இந்த இரண்டு வடிவுகளின் தூரம் 1. அவ்வளவு நெருங்கிய பெயரையும் காட்டச் சொன்னால் போதும், ஊர் கிடைத்துவிடும்.

ஆங்கில எழுத்தில் தட்டுபவர்களுக்குக் குழப்பம் இன்னும் அதிகம். 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றித் தமிழக அரசு பிறப்பித்த ஆணை, 2020 ஜூனில் வெளியான சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஆணையாலேயே ஒருமுகப்படுத்த முடியாததைத் தேடல் கட்டம் மக்களிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஓர் ஊருக்கு வழங்கும் எல்லா வடிவுகளையும் பட்டியலில் சேர்த்துவிடுவதே முறை. ஊர்ப் பெயரைப் பிழையின்றி எழுதிக் காட்டுவது தேடுபவரின் வேலையல்ல. எப்படி எழுதினாலும் புரிந்துகொள்வது நிரல் எழுதுபவரின் பொறுப்பு.