வேகம் கூடியதும் வந்தது ஆபத்து... டெல்டா 191 விபத்தும் ‘மிஸ்டர் டொர்னாடோ’வும்!

1985, ஆகஸ்ட் 2. வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாகாணத்திலுள்ள ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து டெல்டா ஏர்லைன்ஸின் 191-ம் எண் விமானம் கிளம்பியது. டல்லாஸ் - ஃபோர்ட் வொர்த்தில் இறங்கிவிட்டு, அங்கிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போக வேண்டும். மூன்று இன்ஜின்கள் கொண்ட லாக்ஹீட் எல்-1011 ட்ரைஸ்டார் ரக விமானம். 152 பயணிகள், 11 ஊழியர்கள் என மொத்தம் 163 பேர். பயணிகளில் ஒருவர் டான் எஸ்ட்ரிட்ஜ். ஐ.பி.எம் நிறுவனத்தின் பர்சனல் கம்ப்யூட்டரை உருவாக்கிய குழுவின் தலைவர். மனைவியோடு வந்திருந்தார்.

கேப்டனுக்கு 57 வயது. சக ஊழியர்கள் மத்தியில் அவருக்கு ‘ரொம்ப ஜாக்கிரதையான மனிதர்’ என்று பெயர். மற்ற விமானங்கள் நேராகப் போனாலும், இவர் இடிமழை மேகத்தைக் கண்டால் சுற்றித்தான் போவார் என்று அவரோடு பறந்தவர்கள் பின்னால் சொன்னார்கள். அன்றைக்கும் அப்படித்தான். வழியில் வானிலை மோசம் என்று தெரிந்ததும் வடக்கே சுற்றிப்போகும் பாதையைத் தேர்ந்தெடுத்தார். டல்லாஸை நெருங்கும்போது கட்டுப்பாட்டு அறை சொன்ன திசையில் ஒரு மழைமேகம் நின்றது. அதற்குள் போக விருப்பமில்லை, சுற்றிப்போகிறேன் என்றார்.

இவ்வளவு கவனமான ஒருவர், ரன்வேக்குச் சற்று முன்னால் மின்னல் வெட்டிய ஒரு மேகத்துக்குள் விமானத்தை விட்டது ஏன்?

காரணம், அது பெரிய புயல்போலத் தெரியவில்லை. விமான நிலையத்தின் வடக்கு முனையில் சற்று முன்புதான் திரண்டிருந்த ஒரு சின்ன மேகம். முன்னால் போன சிறிய லியர்ஜெட் விமானம் அதே மழைக்குள் நுழைந்து பத்திரமாக இறங்கிவிட்டது. முன்னே போனவர் இறங்கிவிட்டார் என்றால் பின்னால் வருபவருக்கு ஒரு தைரியம் வருவது இயல்புதானே! மாலை 6 மணி தாண்டியிருந்தது. விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர் துணை விமானி. எதிரே மேகத்தில் மின்னல் தெரிகிறது என்று அவரே சொன்னது காக்பிட் ஒலிப்பதிவில் இருக்கிறது.

தரையிலிருந்து சுமார் 800 அடி உயரம். அப்போது யாரும் எதுவும் செய்யாமலேயே விமானத்தின் வேகம் கூடியது. 149 நாட்டைத் தாண்டக் கூடாத வேகம், 173 நாட் ஆனது. மணிக்கு 320 கிலோமீட்டர். கேப்டனுக்குப் பொறிதட்டிவிட்டது. வேகத்தைப் பார்த்துக்கொள், திடீரென்று இறங்கிவிடும் என்று எச்சரித்தார். சொல்லி வாய் மூடவில்லை, வேகம் 133-க்குச் சரிந்தது. இன்ஜின்களுக்கு முழு விசை கொடுக்கச் சொன்னார். துணை விமானியும் கொடுத்தார். ஒரு கணம் நிலைமை சீராவதுபோலத் தெரிந்தது. மறுபடியும் சரிவு, இந்த முறை 119 நாட். தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கைக் கருவி அலறத் தொடங்கியது.

ரன்வேக்குக் கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் முன்பாகவே ஒரு வயல்வெளியில் சக்கரங்கள் தரையைத் தொட்டன. மீண்டும் எழும்பி, 114-ம் எண் நெடுஞ்சாலையைக் கடக்கும்போது இன்ஜின் ஒரு காரின் மீது மோதியது. அதை ஓட்டி வந்தவர் அந்த இடத்திலேயே இறந்தார். அங்கிருந்து இழுத்துக்கொண்டுபோன விமானம், விமான நிலைய எல்லைக்குள் இருந்த இரண்டு பெரிய தண்ணீர்த் தொட்டிகளில் மோதி வெடித்தது.

விமானத்தில் இருந்தவர்களில் 136 பேர் பலி. கார் ஓட்டியவரையும் சேர்த்து 137. எஸ்ட்ரிட்ஜ் தம்பதியும் அதில் அடக்கம். பிழைத்த 27 பேரில் பெரும்பாலானோர் வால்பகுதியில் உட்கார்ந்திருந்தவர்கள். தொட்டியில் மோதும் முன்பே அந்தப் பகுதி தனியாக உடைந்து விழுந்ததால் தப்பினார்கள். அது சிகரெட் பிடிப்பவர்களுக்காக ஒதுக்கப்பட்ட பகுதி என்பது விதியின் விநோதம்!

கொட்டும் காற்று

ஒரு பக்கெட் தண்ணீரை உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் கொட்டிப் பாருங்கள். நேரே கீழே விழுந்து, தரையில் பட்டதும் நாலாபுறமும் தெறித்து ஓடும். சில இடிமேகங்களிலிருந்து காற்றும் இப்படித்தான் கொட்டுகிறது. பெய்யும் மழை, சுற்றியுள்ள காற்றை இழுத்துக்கொண்டு வருகிறது. துளிகள் ஆவியாகும்போது காற்று குளிர்ந்து கனமாகிறது. கனமான காற்று மேலும் வேகமாக விழுகிறது. இந்தக் காற்றுக்கொட்டு 4 கிலோமீட்டர் அகலத்துக்குள் அடங்கினால் அதற்குப் பெயர் ‘மைக்ரோபர்ஸ்ட்’. சில நிமிடங்களில் தோன்றி மறைந்துவிடும்.

விமானத்தைத் தூக்கிப் பிடிப்பது தரையைப் பொறுத்த வேகம் அல்ல. இறக்கை மீது ஓடும் காற்றின் வேகம். மைக்ரோபர்ஸ்ட்டுக்குள் நுழையும்போது முதலில் எதிர்க்காற்று. வேகமுள் ஏறும், விமானமும் மேலே எழும்பும். இறங்கும் நேரத்தில் எந்த விமானிக்கும் ‘அதிக வேகமாகப் போகிறோம், குறைக்க வேண்டும்’ என்றுதான் தோன்றும். நடுவில் போனதும் மேலிருந்து அழுத்தும் காற்று. அதைத் தாண்டினால் முதுகுப் பக்கமிருந்து தள்ளும் காற்று. இறக்கை மீது ஓடும் காற்று அப்படியே செத்துவிடும். பெரிய ஜெட் இன்ஜின், விசையைக் கூட்டியவுடன் பாய்ந்துவிடாது. முழு வேகம் எடுக்கச் சில விநாடிகள் பிடிக்கும். தரைக்குச் சில நூறு அடி உயரத்தில் அந்தச் சில விநாடிகள்தான் உயிர்.

நாகசாகியில் கிடைத்த துப்பு

இதையெல்லாம் டெல்டா விபத்துக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் சொல்லிவிட்டார். டெட்சுயா ஃபுஜிதா. ஜப்பானில் பிறந்தவர். 1945-ல் 24 வயது இளைஞராக, கொக்குரா நகரை ஒட்டிய ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் 9 அன்று அமெரிக்காவின் இரண்டாவது அணுகுண்டு கொக்குரா மீதுதான் விழுந்திருக்க வேண்டும். மேகமும் புகையும் இலக்கை மறைத்ததால் அந்த விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. பிறகு நாகசாகி, ஹிரோஷிமா இரண்டுக்கும் போய் சேதத்தை ஆராய்ந்த ஃபுஜிதா, குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழிருந்து மரங்கள் வெளிப்பக்கமாக நட்சத்திர வடிவில் சாய்ந்திருந்ததை மனதில் குறித்துக்கொண்டார்.

1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு வந்தவர், சூறாவளிகளை அளக்கும் ‘ஃபுஜிதா அளவுகோலை’ 1971-ல் வெளியிட்டு ‘மிஸ்டர் டொர்னாடோ’ ஆனார். 1974 ஏப்ரலில் அமெரிக்காவை டொர்னாடோக்கள் புரட்டிப்போட்டபோது சேதத்தை விமானத்திலிருந்து பார்வையிட்டார். மேற்கு வர்ஜீனியா காடுகளில் மரங்கள் சுழன்று விழாமல், நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. நாகசாகி ஞாபகம் வந்தது. இங்கே காற்று சுற்றவில்லை, மேலிருந்து கொட்டியிருக்கிறது!

அடுத்த ஆண்டு ஜூன் 24-ல் நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் இறங்கவிருந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 66 இடிமழையில் விழுந்து 113 பேர் இறந்தனர். அதற்குச் சற்று முன்பு வேறு விமானங்கள் அதே ரன்வேயில் இறங்கியிருந்தன. அந்தத் தகவல்களை அலசிய ஃபுஜிதா, காரணம் ‘டவுன்பர்ஸ்ட்’ என்றார். வானிலை நிபுணர்கள் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. இடிமேகத்துக்கு முன்னால் வீசும் வழக்கமான பலத்த காற்றுக்குப் புதுப் பெயர் வைக்கிறார் என்றார்கள்.

அவர் வாதாடிக்கொண்டிருக்காமல் ஆதாரம் தேடினார். 1978-ல் சிகாகோ அருகே டாப்ளர் ரேடார்களை வைத்து நடந்த ஆய்வில் சுமார் 50 மைக்ரோபர்ஸ்ட்டுகள் சிக்கின. 1982-ல் டென்வர் அருகே நடந்த ஆய்வில் 186. அதே 1982 ஜூலையில் நியூ ஆர்லியன்ஸில் கிளம்பிய பான் ஆம் 759 விமானம் மைக்ரோபர்ஸ்ட்டில் சிக்கி, தரையிலிருந்தவர்களையும் சேர்த்து 153 பேர் இறந்தனர். 1983 ஆகஸ்ட் 1 அன்று வாஷிங்டன் அருகே ஆண்ட்ரூஸ் தளத்தில் ஜனாதிபதி ரீகனின் விமானம் இறங்கிய ஆறே நிமிடங்களில் அங்கே மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் காற்று கொட்டியது. இவ்வளவுக்குப் பிறகும் விமானிகளின் கையில் எந்தக் கருவியும் வந்து சேரவில்லை.

டல்லாஸில் ரன்வேயைச் சுற்றிக் காற்றுமானிகள் இருந்தன. ஆனால், காற்று கொட்டியது அவற்றுக்கு வடக்கே. விமானம் விழுந்து முடிந்த பிறகே அவை எச்சரித்தன. காக்பிட்டிலிருந்த ரேடார் மழைத்துளியைக் காட்டும். அந்தத் துளிகள் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகப் பாய்கின்றன என்று காட்டாது.

விபத்தை விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், மின்னல் தெரிந்தும் மேகத்துக்குள் தொடர்ந்து போனதை விமானிகளின் தவறாகச் சொன்னது. அதோடு நிறுத்தவில்லை. இத்தகைய காற்றிலிருந்து தப்ப விமானிகளுக்குத் திட்டவட்டமான விதிமுறையோ, பயிற்சியோ தரப்படவில்லை. அந்த நேரத்துத் தகவலும் கிடைக்கவில்லை என்று எழுதியது. ‘விமானி தவறு’ என்ற இரண்டு வார்த்தைகளில் கோப்பை மூடியிருந்தால், பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது.

1987-ல் விமானிகளுக்குப் புதிய பயிற்சித் தொகுப்பு வந்தது. காற்று இப்படி மாறினால் தரையிறங்கும் முயற்சியைக் கைவிட்டு, இன்ஜின்களுக்கு முழு விசை கொடுத்து, மூக்கை உயர்த்து, மேலே ஏறு என்பது அதன் சாரம். 1993-க்குள் பயணிகள் விமானங்களில் விண்ட் ஷியர் எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்று 1988-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் உத்தரவிட்டது.

முன்கூட்டியே கண்டுபிடிக்கும் ரேடார் வேண்டுமே? நாசாவின் லாங்லி ஆய்வு மைய விஞ்ஞானிகளும் விமானிகளும் 1991, 1992 கோடைக்காலங்களில் ஆர்லாண்டோ, டென்வர் பகுதிகளில் ஒரு போயிங் 737-ஐ வேண்டுமென்றே மைக்ரோபர்ஸ்ட்டுகளுக்குள் ஓட்டினார்கள். எல்லோரும் தப்பி ஓடும் இடத்துக்குள் கருவிகளோடு நுழைந்த அந்த விமானம், உலகில் தயாரான முதல் 737!

1994 ஜூலை 2 அன்று சார்லட் நகரில் யுஎஸ்ஏர் 1016 மைக்ரோபர்ஸ்ட்டில் விழுந்து 37 பேர் இறந்தனர். அதில் எச்சரிக்கைக் கருவி இருந்தது. ஆனால் காற்றில் சிக்கிய பிறகு உணரும் முதல் தலைமுறைக் கருவி அது; இறக்கையின் ஃப்ளாப்புகள் நகர்ந்துகொண்டிருந்த நேரத்தில் அது எச்சரிக்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 30-ல், முன்னால் இருக்கும் காற்றுக்கொட்டைக் கண்டுபிடித்துச் சொல்லும் ரேடாரோடு முதல் பயணிகள் விமானத்தை கான்டினென்டல் ஏர்லைன்ஸ் பறக்கவிட்டது. அமெரிக்காவில் மைக்ரோபர்ஸ்ட்டால் விழுந்த கடைசிப் பெரிய பயணிகள் விமானமாக இன்றுவரை யுஎஸ்ஏர் 1016 இருக்கிறது.

ஃபுஜிதா 1998 நவம்பரில் சிகாகோவில் காலமானார். அந்த நாசா 737, சியாட்டில் விமான அருங்காட்சியகத்தில் நிற்கிறது.