தாடிக்காரர் காவல் காக்கும் நகரம்

செக் நாட்டின் தலைநகர் பிராக்கில் சார்லஸ் பாலத்தில் ஏறியதும் எல்லாரும் நிமிர்ந்துதான் பார்ப்பார்கள். எதிர்க்கரைக் குன்றின் மேல் கோட்டை. அதன் நடுவே, 1344-இல் தொடங்கி 1929-இல் கட்டி முடித்த புனித விட்டஸ் பேராலயம். கண் அங்கே போகாமல் இருக்காது. ஆனால் முதலில் பழைய நகரப் பக்கம், பாலம் தொடங்கும் இடத்தில் நின்று கீழே எட்டிப் பாருங்கள்.

கரைச்சுவரில் தாடி வைத்த ஒரு கல்முகம் தெரியும். செக் மொழியில் 'பிராடாச்', அதாவது தாடிக்காரர். அந்தக் காலத்து மக்களுக்கு அவர்தான் வெள்ள அளவுகோல். வல்டாவா ஆற்று நீர் தாடியைத் தொட்டால் கரை தாண்டப்போகிறது. உச்சந்தலையை மூழ்கடித்தால் நகரச் சதுக்கத்தில் படகுதான் விட வேண்டும் என்பது ஊர்ப்பேச்சு. முன்பு இங்கிருந்த யூதித் பாலத்தைச் சேர்ந்தவர் அவர். 1342 வெள்ளத்தில் அந்தப் பாலம் இடிந்துபோனது. பிறகு பேரரசர் நான்காம் சார்லஸ் 1357-இல் புதிய பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார். ஜூலை 9, விடிகாலை 5.31 மணி என்று நாளும் நாழிகையும் பார்த்து நாட்டியதாகச் சொல்வார்கள். 516 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தின் வளைவுகள் சிலவற்றை 1890 வெள்ளம் பெயர்த்தெறிந்தது. திரும்பக் கட்டினார்கள்.

ஆற்றுக்குப் பயந்து இந்த ஊர் தன் தரையையே உயர்த்தியிருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் பழைய நகரத் தெருக்களை மண் கொட்டி மேடாக்கினார்கள். அதற்கு முந்தைய வீடுகளின் தரைத்தளம் இன்று நிலவறை. பீர் குடிக்கப் படியிறங்குகிறவர்கள் அன்றைய கூடத்தில்தான் உட்காருகிறார்கள்.

தமிழறிஞர் கமில் சுவலபில் 1927-இல் பிறந்த ஊரும் இதுதான். அந்த நினைப்போடு நடந்தால் தெருக்கள் கொஞ்சம் நெருக்கமாகிவிடுகின்றன.

என்னைக் கேட்டால், ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் கோட்டையை விட்டுவிட்டு யூதர் குடியிருப்பில் உள்ள பின்காஸ் தொழுகைக் கூடத்துக்குப் போகலாம். அதுவும் தெருமட்டத்துக்குக் கீழேதான். நாஜிகள் கொன்ற பொஹீமிய, மொராவிய யூதர்கள் ஏறத்தாழ 80,000 பேரின் பெயர்களை 1950-களில் அதன் சுவர்களில் கையால் எழுதினார்கள். ஊர்வாரியாக, குடும்பம் குடும்பமாக, பிறந்த நாளோடு. நிலத்தடி ஈரம் சுவரில் ஏறியது. 1968-இல் கூடத்தை மூடினார்கள்; பெயர்கள் அழிந்தன. 1990-களில் அத்தனையையும் மறுபடி எழுதினார்கள். 2002 ஆகஸ்டில் பெருவெள்ளம். உலோகத் தடுப்புகள் பழைய நகரத்தைக் காத்தாலும் மெட்ரோ சுரங்கங்கள் நிரம்பின. இந்தக் கூடத்துக்குள்ளும் நீர் புகுந்து சுவர்கள் பழுதாயின. அவற்றையும் செப்பனிட்டார்கள்.

அங்கே சுவரைத் தொடாதீர்கள்; ஒரு குடும்பத்தின் பெயர்களையாவது முழுதாக வாசியுங்கள். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள் என்பதால் மூடியிருக்கும். மற்ற நாள்களில், கூட்டம் சேரும் முன் காலையிலேயே போய்விடுங்கள்.