சபையிற் பொருள் வழுவாமை

தோட்டக்கலையில் விருப்பமுடையோர் ஒருங்கு கூடிப் பேசுதல் பெரும்பயன் தருவதாகும். 1804-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 7-ஆம் தேதி லண்டன் மாநகரில் ஒரு புத்தகசாலையில் எழுவர் கூடித் தொடங்கிய சிறு சங்கமே இன்று ராயல் தோட்டக்கலைச் சங்கமென விளங்குகின்றது. நம் சென்னையிலும் 1835-ல் விவசாய தோட்டக்கலைச் சங்கமொன்று தோன்றிற்று. ஒருவர் தம் தோட்டத்திற் கண்டதைப் பலர்க்கும் உரைத்தலே இத்தகைய சங்கங்களின் உயிர்நிலை. ஆயினும், கூடுவோர் பெருகுந்தோறும் பேச்சும் பெருகிப் பொருளை விட்டு விலகுதல் இயல்பு.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம். ஒருவர் சபையில் எழுந்து, "எமது இளந்தென்னையின் ஓலை கத்தரியால் வெட்டியதுபோல் விரிகின்றது, செய்யத்தக்கது யாது?" என்று வினவுவதாகக் கொள்வோம். அது காண்டாமிருக வண்டின் வேலை. தென்னையென்ற சொல்லைக் கேட்டவுடன் ஒருவர் தேங்காய் விலையைப் பேசத் தொடங்குவார். மற்றொருவர் கயிறு திரிக்கும் தொழிலைப் புகழ்வார். மூன்றாமவர் தம் பாட்டனார் வைத்த தோப்பின் பெருமையை விரிப்பார். சபை கலையும், வினவியவர் விடையின்றி வீடு திரும்புவார். வண்டோ ஓய்வதில்லை. அது குருத்தின் அடியைத் துளைத்துவிடின் இளமரம் பட்டுப்போம்.

வேறொருவர் எழுந்து, "உமது எருக்குழி எங்குள்ளது?" என்று கேட்பாராயின், தென்னைக்கும் எருக்குழிக்கும் என்ன சம்பந்தமென்று சிலர் நகைக்கவுங்கூடும். ஆனால் அதுவே பொருளுக்குரிய பேச்சு. அவ்வண்டின் புழு வளர்வது மக்கிய எருவிலேயாம். எருவைக் கிளறிப் புழுக்களை அழித்தலும், கம்பிக் கொக்கியால் வண்டைக் குத்தியெடுத்தலும், வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரு பங்குமாகக் கலந்து உட்குருத்தையடுத்த மட்டைக் கக்கங்களில் இடுதலும் தக்க பரிகாரங்களாம். ஆதலின், ஒரு பேச்சு பொருளோடு பொருந்துமா என்பதை அதிலுள்ள சொல்லைக்கொண்டு துணிதலாகாது. எடுத்த வினாவிற்கு அது துணைசெய்யுமா என்பதைக்கொண்டே துணிதல் வேண்டும்.

அமெரிக்க ராணுவ இஞ்சினீயராகிய ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்பார், 1863-ல் நியூபெட்போர்டு நகரத் திருச்சபைக் கூட்டமொன்றில் அக்கிராசனம் வகிக்க நேர்ந்து, அதனை நடத்தும் முறையறியாது கலங்கினார். அக்கலக்கமே 1876-ல் அவர் வெளியிட்ட சபை விதிநூலுக்கு வித்தாயிற்று. பேசுவோர் அக்கிராசனரை நோக்கியே பேசுதல், எடுத்த பொருளை விட்டு விலகாமை, விரும்புவோர் யாவரும் ஒருமுறை பேசுமுன் ஒருவரே மறுமுறை பேசாமை என்பன அவர் வற்புறுத்திய விதிகளுட் சில. இவற்றுள் இறுதி விதி, கூச்சத்தால் வாய்திறவாதாருக்கும் இடமளிப்பது. எருக்குழியைப் பற்றிய வினா பெரும்பாலும் அத்தகையோரிடமே தங்கியிருக்கும்.

விலகிய பேச்சையும் நாம் இகழ வேண்டுவதில்லை. தேங்காய் விலையும் பேசத்தக்கதே. அக்கிராசனர் அதனைக் குறித்துக்கொண்டு அதற்கென வேறொரு நாளை ஏற்படுத்துவாராயின் பேசியவரும் மனம் நோவார். உடைந்த வாய்க்காலில் எவ்வளவு நீர் பாய்ந்தும் பயனில்லை. பாத்தி காய்ந்தே கிடக்கும். நமது கல்லூரிச் சங்கங்களிற் பேசும் மாணவர், எழுமுன் ஒரு கணம், "யாம் கூறப்போவது கேட்டவருக்கு உதவுமா?" என்று தம்மையே வினவிக்கொள்வாராக.